ஆறரை மணித்தியாலம் யாருக்கும் சொந்தமில்லாத ஆஸ்பத்திரி

எங்கள் தீவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வள்ளத்தில் ஒரு மணித்தியாலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நெடுந்தீவுக்காரர் இதை வாசித்துவிட்டு நயினாதீவைக் கைகாட்டட்டும். நயினாதீவுக்காரர் நெடுந்தீவைக் கைகாட்டட்டும். இரண்டு பகுதியும் கோயிலில் நின்று சத்தியம் பண்ணினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. நடந்தது அப்படிப்பட்ட காரியம்.

என் பெயரை மட்டும் மறைக்க முடியாது. அது பத்திரங்களில் இருக்கிறது. யாக்கோப்பு. கூட்டுறவுச் சங்கக்கடையில் இருபத்தெட்டு வருடம் மனேச்சராக இருந்து இளைப்பாறியவன். கையெழுத்து அழகு என்ற ஒரே காரணத்துக்காகக் கடற்றொழிலாளர் சங்கம் என்னைச் செயலாளர் ஆக்கியது. எழுத்து வடிவாக இருக்கிறவனுக்கு மூளையும் இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதிலேயே என் காலம் போனது.

எங்கள் சங்கத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி சொந்தம். அறுபத்திரண்டாம் ஆண்டு எங்கள் தகப்பன்மார் கடற்கல் முறித்து, சுண்ணாம்பு சுட்டு, தாங்களே கட்டியது. எட்டுக் கட்டில், பிள்ளைப்பேற்றுக்கு ஓர் அறை, மருந்து அலுமாரி இரண்டு. மிஷன் டொக்டர் ஒருவர் மாதத்தில் இரண்டு தரம் வந்து போவார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு அவர் வருவது நின்றது. அதன் பிறகு எமிலி அக்காதான் ஆஸ்பத்திரி. அவர் படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸ் மிசி இல்லை. டொக்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர். காய்ச்சலுக்குக் குளிசை கொடுப்பார், காயத்துக்கு மருந்து கட்டுவார், பிள்ளை பிறந்தால் ஏந்துவார். பேறு சிக்கலென்று கண்டால் வள்ளத்தில் ஏற்றச் சொல்வார்.

இரண்டாயிரத்து இரண்டில் றெக்ஷன் தன் பெண்சாதி ஜெனீற்றாவை அப்படித்தான் ஏற்றினான். நடுக்கடலில் பிள்ளை பிறந்தது, மூச்சு விடவில்லை. அவன் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். அன்று பின்னேரமே சங்கம் கூடியது. ஆஸ்பத்திரியை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, நிரந்தரமாக ஒரு டொக்டரைக் கேட்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். தீர்மானத்தை நான்தான் எழுதினேன். எழுத்து மிகவும் வடிவாக அமைந்தது.

தனியார் ஆஸ்பத்திரிக்கு டொக்டர் அனுப்ப விதியில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினோம். தருவதற்கு உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. ஒரு பொருளைச் சும்மா கொடுப்பதற்கும் அனுமதி வேண்டும் என்பது சங்கக்கடையில் இருபத்தெட்டு வருடம் இருந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த அனுமதியைத் தருவதற்கு ஒரு சபை இருந்தது. சமூக ஆஸ்பத்திரிகள் உரிமை மாற்ற அங்கீகாரச் சபை. யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒரு நோயாளியும் ஏற முடியாத சுற்றுப்படிக்கு மேலே அதன் கந்தோர். அதன் காரியதரிசி வைத்திலிங்கம். நான் பொய் சொல்லக்கூடாது, அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று கைகொடுத்தார். உட்காரக் கதிரை காட்டினார். பிளேன்ரீ வந்தது.

"மிஸ்ரர் யாக்கோப்பு, ஒரு ஆஸ்பத்திரி கைமாறுறது லேசுப்பட்ட அலுவலில்லை" என்றார். "கைமாறேக்கை கீழை விழுந்திடக்கூடாது. அதுக்குத்தான் நாங்கள் இருக்கிறம். பதினொரு வருசமா இந்தச் சபையாலை ஒரு ஆஸ்பத்திரியும் கீழை விழேல்லை."

"இதுவரைக்கும் எத்தினை கைமாறியிருக்கு ஐயா?"

"இன்னும் ஒண்டும் மாறேல்லை. அதைத்தானே சொல்லுறன்."

நான் தலையாட்டினேன். அறுபது வயதுவரை என்னை ஒருவரும் மிஸ்ரர் என்று கூப்பிட்டதில்லை. ஊரில் நான் சங்கக்கடை யாக்கோப்பு. மனிசி கோபத்தில் இருந்தால் அதுவும் இல்லை. திரும்பும் வழியில் பெரியகடையில் ஒரு தோல் பை வாங்கினேன். அடுத்த பயணத்துக்குக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டேன்.

முதலில் காணி உறுதி. அதில் நாலு எல்லையும் சுத்தமாக எழுதியிருந்தது: வடக்கே அந்தோனியின் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே கோயில் காணி, மேற்கே கடல். நாலு எல்லைக்காரரும் ஆட்சேபனை இல்லையென்று எழுத்தில் தரவேண்டும் என்றார் வைத்திலிங்கம். மூன்று கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"மேற்கு எல்லைக்காரர்?"

"அது கடல் ஐயா."

"உறுதியிலை இருக்கோ இல்லையோ?"

"இருக்கு."

"பிறகென்ன? கடல் இப்ப ஆற்றை பொறுப்பிலை கிடக்கோ அவையிட்டை வாங்குங்கோ."

கடல் அந்தக் காலத்தில் யாருடைய பொறுப்பில் கிடந்தது என்பது எங்கள் தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இறங்குதுறைக் கடற்படை முகாமுக்குப் போனேன். பொறுப்பதிகாரி முதலில் சிரித்தார். பிறகு, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கலாம் என்று பயந்து மேலிடத்துக்கு எழுதினார். ஐந்து கிழமை கழித்துச் சிங்களத்தில் ஒரு கடிதம் கிடைத்தது. அதைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு தமிழாக்கினோம். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை கடலுக்கு ஆட்சேபனை இல்லை என்று இருந்தது. வைத்திலிங்கம் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பரவாயில்லை, கந்தோர் நேரம் அதுக்குள்ளை அடங்குது" என்று கடிதக் கோவையில் சேர்த்தார்.

அடுத்தது, எங்களுடையது ஆஸ்பத்திரிதானா என்ற கேள்வி. விதிப்படி டொக்டர் உள்ள இடம்தான் ஆஸ்பத்திரி. எங்களிடம் டொக்டர் இல்லை. ஆகவே அது ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரி இல்லாத ஒன்றின் உரிமையை மாற்ற இந்தச் சபைக்கு அதிகாரம் இல்லை. டொக்டர் வேண்டும் என்பதற்காகத்தானே ஐயா மாற்றக் கேட்கிறோம் என்றேன். "அது எனக்கு விளங்குது. ஆனா எனக்கு விளங்கிறது கோவைக்கு விளங்கவேணுமே" என்றார். ஏழு மாதம் யோசித்தார்கள். கடைசியில், 'முன்னர் ஆஸ்பத்திரியாக இருந்ததும் பின்னர் ஆஸ்பத்திரியாக இருக்கக்கூடியதுமான கட்டடம்' என்று ஒரு புது வகுப்பு உண்டாக்கி எங்களை அதற்குள் போட்டார்கள். அந்த வகுப்பில் இலங்கை முழுவதிலும் நாங்கள் மட்டும்தான். அதை ஊரில் வந்து சொன்னபோது நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே சொன்னேன்.

இந்தக் கட்டத்தில் ஒருநாள் றெக்ஷன் வந்தான். ஜெனீற்றா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்றான்.

"அண்ணை, தைக்குள்ளை டொக்டர் வந்திடுவாரோ?"

"தைக்கு முதலே வந்திடுவார்."

"அவள் இனி வள்ளத்திலை ஏறமாட்டன் எண்டு நிக்கிறாள். செத்தாலும் ஆஸ்பத்திரிக் கட்டில்லைதான் சாவாளாம். நான் உங்களைத்தான் நம்பியிருக்கிறன்."

"பயப்பிடாதை தம்பி. கடலே கையெழுத்து வைச்சிட்டுது. இனி என்ன?"

அவன் சிரித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவதாக வந்தது உபயம். இது சபையின் குற்றம் அல்ல, எங்களுடையது. எங்கள் ஊரில் தண்ணீர் குடிக்கிற ஒரு மூக்குப்பேணி கொடுத்தாலும் பெயர் எழுதித்தான் கொடுப்போம். கட்டில், மெத்தை, கதவு, கிணற்று வாளி, நோயாளி துப்புகிற பீங்கான் எல்லாவற்றிலும் உபயம் இன்னார், இன்னாரின் ஞாபகார்த்தம் என்று எனாமல் பெயின்ரில் இருந்தது. பொருளில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருடைய சம்மதமும் வேண்டும் என்றார் வைத்திலிங்கம். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு பெயர். பாதிப்பேர் கல்லறையில்; மீதிப்பேர் கனடாவிலும் பிரான்சிலும்.

நாற்பத்தாறு கடிதம் எழுதினேன்; செத்தவர்களுக்குரியவை அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போயின. பதில்கள் வந்தன. பெயரை அழிக்காவிட்டால் சம்மதம் என்று ஒருவரைத் தவிர எல்லோரும் எழுதினார்கள். பாரிசில் இருந்து ஒருவர், தமையனுடைய பெயரை அழித்தால் மட்டும் சம்மதம் என்று எழுதினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் தனியார் பெயர் இருக்கக்கூடாது என்பது சபையின் விதி. சங்கம் நாலு தரம் கூடியது. டொக்டரைப் பற்றி ஒரே ஒரு கூட்டம் கூடின நாங்கள், பெயரைப் பற்றி நாலு கூட்டம் கூடினோம். நாலாவதில் கதிரை பறந்தது. முடிவாக, பெயர்களை மேற்பக்கத்தில் அழித்துக் கீழ்ப்பக்கத்தில் எழுதுவது என்று சமாதானம் ஆனது. பரிசோதனைக்கு வருகிற அதிகாரி கட்டிலுக்குக் கீழே குனியமாட்டார். செத்துப்போனவர்கள் எங்கேயிருந்தாலும் பார்ப்பார்கள். ஆறாம் கட்டிலில் என் தகப்பனாருடைய பெயர் இருந்தது. அதை நானே மல்லாந்து படுத்து எழுதினேன். மற்றவர்களுடையதைவிட ஓர் அங்குலம் பெரிதாக.

எமிலி அக்கா மருந்து அலுமாரியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "யாக்கோப்பு, ஜெனீற்றாவுக்கு ஏழு மாசம்" என்றார்.

"தெரியும் அக்கா. அதுக்குத்தானே இந்தப் பாடு."

"இல்லை, கீழை படுத்திருந்து எழுதுறீரே, மறந்திட்டீரோ எண்டு கேட்டன்."

கடைசியில் அனுமதி வந்தது. பதினான்கு பக்கம். ஆஸ்பத்திரிக் கட்டடம், கிணறு, மதில் எல்லாம் அதில் இருந்தன. பின்பக்கத்து ஜெனறேற்றர் கொட்டில் மட்டும் இல்லை. அது வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று தந்தது. அதற்கு வேறு விண்ணப்பம், வேறு சபை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கையளிப்பு வைபவத்துக்கு இரண்டாயிரத்து நாலு தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். கொழும்பிலிருந்து மிகப் பெரியவர் ஒருவர் பிரதம விருந்தினராக வந்து, அரசாங்கத்தின் சார்பில் கையெழுத்திட்டு, றிபன் வெட்டுவார். மறுநாள் டொக்டர் வருவார். ஜெனீற்றாவுக்கு நாள் இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே பந்தல் நிறைந்துவிட்டது. வாசல் கதவைப் பூட்டிச் சிவப்பு றிபன் கட்டினோம். வைத்திலிங்கம் பஞ்சாங்கம் பார்த்து, ஒன்பது ஐந்துக்குச் சுபநேரம், அதற்குள் சங்கம் கையெழுத்து வைத்துவிட வேண்டும் என்றார். எங்கள் வேதக்கோயில் பங்குச் சுவாமி பஞ்சாங்கத்துக்கு ஆட்சேபனை இல்லை என்றார். ஒன்பது ஐந்துக்கு நான் கையெழுத்து வைத்தேன். வைத்திலிங்கம் எழுந்து பந்தலில் இருந்தவர்களுக்கு அறிவித்தார்: "இந்த நிமிசத்திலை இருந்து சங்கத்துக்கு இந்த ஆஸ்பத்திரியிலை எந்த உரித்தும் இல்லை." எல்லோரும் கைதட்டினோம். இழந்ததற்காகக் கைதட்டுகிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

பெரியவர் பத்து மணிக்கு வருவார் என்று இருந்தது. வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. அவர் வந்து இறங்கும்வரை பாதுகாப்புக்காகக் கடலில் ஒரு வள்ளமும் இறங்கக்கூடாது என்று கடற்படை காலையிலேயே சொல்லியிருந்தது. வெள்ளித் தட்டில் வெற்றிலை விரித்து, அதன்மேல் ஆஸ்பத்திரிக் கதவுத் திறப்பை, பெரிய இரும்புச் சாவியை, வைத்து, தட்டை என் கையில் தந்திருந்தார்கள். பெரியவர் வந்ததும் நான் நீட்டவேண்டும், அவர் எடுக்கவேண்டும். நான் புது வேட்டியில் தட்டோடு நின்றேன்.

பதினொன்றேகாலுக்கு றெக்ஷன் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஜெனீற்றாவைக் கொண்டுவந்தான். நீர்க்குடம் உடைந்துவிட்டது. எமிலி அக்கா ஓடிப்போய்ப் பார்த்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"கதவைத் துறவும். பிள்ளை குறுக்கை கிடக்கிற மாதிரிக் கிடக்கு. எனக்குக் கட்டிலும் வெளிச்சமும் வேணும்."

நான் வைத்திலிங்கத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்தார். அவருடைய முகத்தில் உண்மையிலேயே கவலை இருந்தது.

"அம்மா, நான் இரக்கமில்லாதவன் இல்லை. எனக்கும் மூண்டு பிள்ளையள். மூண்டும் கொழும்பிலை தனியார் ஆஸ்பத்திரியிலை பிறந்ததுகள். ஆனா இப்ப இந்தக் கட்டடம் ஆற்றை? சங்கம் ஒன்பது ஐந்துக்குக் கையெழுத்து வைச்சிட்டுது, சங்கத்தின்ரை இல்லை. அரசாங்கம் இன்னும் வைக்கேல்லை, அரசாங்கத்தின்ரையும் இல்லை. உள்ளுக்கை ஒரு உயிர் போனால் ஆற்றை பேரிலை எழுதுறது?"

"உயிர் வந்தால்?" என்றார் எமிலி அக்கா.

"வந்தாலும் அதே பிரச்சினைதான். பாருங்கோ மிஸ்ரர் யாக்கோப்பு, றிபன் அறுந்தால் கையளிப்பு இல்லை. கையளிப்பு இல்லாட்டி அனுமதி செல்லாது. நான் முதலாம் பக்கத்திலை இருந்து தொடங்கவேணும். உங்கடை விருப்பம். திறப்பு உங்கடை கையிலைதான் இருக்கு."

திறப்பு என் கையில்தான் இருந்தது. கதவு நாலு முழத்தில் இருந்தது. கடலிடமும் கல்லறையிடமும் வாங்கின கையெழுத்துக்கள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்குள் வந்தன. இந்த ஒருத்திக்காகக் கதவைத் திறந்தால் இனி வரப்போகிற எத்தனையோ பெண்களுக்கு டொக்டர் இல்லாமல் போகும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அது பொய். என் மனதில் அந்த நேரம் எந்தப் பெண்ணும் இருக்கவில்லை. பெரியவர் வந்து இறங்கும்போது வெறும் தட்டோடு நிற்கிற என்னைத்தான் கண்டேன்.

"யாக்கோப்பு, உம்மடை மகளெண்டா?" என்று கேட்டார் எமிலி அக்கா.

"என்ரை மகள் கனடாவிலை" என்றேன்.

என் வாயால் வந்த பதில் அது. பந்தலில் முன்வரிசை முழுவதும் கேட்டது. எமிலி அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பிரதம விருந்தினரின் கதிரையில் விரித்திருந்த வெள்ளைத்துணியை உருவி எடுத்துக்கொண்டு, "ஜெனறேற்றர் கொட்டில் ஆற்றையோ தெரியாது, அதுக்கு றிபன் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். நாலு பெண்கள் ஜெனீற்றாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் கத்தவில்லை. கட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பவளைப்போலக் கதவையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஜெனறேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்கு வேறு மின்சாரம் இல்லை. அந்தச் சத்தத்துக்கும் டீசல் புகைக்கும் நடுவில், எண்ணெய்த் தகரங்களை ஒதுக்கிவிட்டு, நிலத்தில் அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். எமிலி அக்கா என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. அவள் கத்தினாலும் வெளியே எங்களுக்குக் கேட்காது. இதை நான் போய்ப் பார்த்துச் சொல்லவில்லை. நான் தட்டோடு வாசலிலேயே நின்றேன். பிறகு பெண்கள் சொன்னது.

இரண்டு மணிபோல றெக்ஷன் ஓடிவந்தான். கை முழுவதும் கறுப்பு எண்ணெய். "அண்ணை, மெசினைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டச் சொல்லுங்கோ. அவள் மூச்செடுக்கேலாமல் கிடக்கிறாள்."

நான் போய் வைத்திலிங்கத்திடம் சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஐயா வெளிக்கிட்டிட்டாராம். வந்திறங்கேக்கை மைக் இல்லாட்டி ஐயா திரும்பிப்போடுவார். முந்தி ஒருக்கால் போனவர். ஐயா போனால் கையெழுத்துப் போச்சு. கையெழுத்துப் போனால் அவவுக்குத்தானே நட்டம்?"

இதை நான் றெக்ஷனிடம் போய்ச் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். அவன் என்னை அடித்திருக்கலாம்.

பெரியவர் மூன்று மணிக்கு வந்தார். மாலை போட்டோம். கதிரையில் துணி இல்லாததைக் கண்டு வைத்திலிங்கம் தன் சட்டைப்பைக் கைலேஞ்சியை விரித்தார். பெரியவர் முதலில் பேசிவிட்டுப் பிறகு கையெழுத்திடுவதாகச் சொன்னார்.

"அன்பான தாய்மார்களே! ஒரு தாயின் வேதனைக் குரல் எந்த மூலையிலிருந்து எழுந்தாலும் அது எங்கள் காதில் விழாமல் போகாது. தூரம் எங்களுக்குத் தூரமல்ல. கதவுகள் எங்களுக்குக் கதவுகளல்ல. இனி இந்தத் தீவில் எந்தத் தாயும் காத்திருக்கத் தேவையில்லை."

கைதட்டினோம். பின்பக்கத்தில் ஏதோ சத்தம் எழும்பியது. ஒலிபெருக்கிக்காரர் பெரியவருடைய சத்தத்தைக் கூட்டினார். பெரியவர் முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அதில் பதினாறாவது நிமிடத்தில், எமிலி அக்கா கையால் அமத்தித் திருப்பி நேராக்கிய பிறகு, பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. எமிலி அக்கா காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டி, வாய்க்குள் விரலைவிட்டுச் சளி எடுத்து, மூன்றாம் தரத்தில் அழவைத்தார். இந்த முறை பிள்ளை மூச்சுவிட்டது. எங்கள் சங்கத்தாலோ அந்தச் சபையாலோ அது நடக்கவில்லை.

மூன்று முப்பத்தைந்துக்குப் பெரியவர் கையெழுத்திட்டார். நான் தட்டை நீட்டினேன். கை மரத்துப் போயிருந்ததில் தட்டு ஆடியது. அவர் சிரித்து, "பயப்பட வேண்டாம்" என்றார். றிபன் வெட்டினார்.

பிள்ளை பிறந்த செய்தி அப்போதுதான் வைத்திலிங்கத்தின் காதுக்கு எட்டியது. அவருடைய முகம் பூரித்துவிட்டது. "முதல் பிரசவம்!" என்றார். "ஐயா கையளிச்ச கையோடை முதல் பிரசவம்! கெதியா, தாயைக் கட்டில்லை கொண்டுவந்து போடுங்கோ. படம் எடுக்கவேணும்."

ஜெனீற்றாவைத் தூக்கிவந்து ஆறாம் கட்டிலில் கிடத்தினார்கள். இரத்தம் நிற்கவில்லை, சீலையால் மூடினார்கள். அவள் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கண்டாள்.

"அண்ணை, துறந்திட்டினமோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, துறந்தாச்சு" என்றேன்.

பிள்ளையை ஏந்திக் கொடுக்க எமிலி அக்காவைத் தேடினார்கள். அவர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். படத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். ஆகவே பிள்ளையை என் கையில் தந்தார்கள். நான் பெரியவரிடம் நீட்ட, அவர் ஒரு விரலால் கன்னத்தைத் தொட, படம் எடுத்தார்கள். பத்திரிகையில் வந்தது. அதில் நான் பல் தெரியச் சிரிக்கிறேன். பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்து, வடிவான எழுத்துக்காரர் நீங்களே எழுதுங்கள் என்றார் வைத்திலிங்கம். பிறந்த இடம்: ஆஸ்பத்திரி. நேரம்: மூன்று நாற்பது. அதையும் வடிவாக எழுதினேன்.

வைத்திலிங்கம் போகும்போது என் தோளில் தட்டினார். "உங்களை மாதிரிச் சட்டத்தை மதிக்கிற நாலு மனிசர் இருந்தால் நாடு உருப்படும்" என்றார். ஒரு கிழமையில் நியமனக் கடிதம் வந்தது. அரசாங்கக் காவலாளி நியமிக்கப்படும் வரை ஆஸ்பத்திரியின் கௌரவத் திறப்புக் காப்பாளர் நான். அதே தபாலில் எமிலி அக்காவுக்கும் ஒரு கடிதம். தகைமைச் சான்றிதழ் இல்லாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரி நோயாளர் விடுதிக்குள் கடமை பார்க்கக்கூடாது என்று இருந்தது. அவர் வாசித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். டொக்டர் மறுநாள் வரவில்லை. அவர் தங்குவதற்கு வீடு கட்ட வேறோர் அனுமதி வேண்டுமாம். அதுவரை செவ்வாய்க்கிழமைகளில் வந்துபோகிறார், காற்று வழிவிட்டால்.

ஒரு மாதம் நான் அந்தப் பக்கத்து ஒழுங்கையால் போகவில்லை. கோயிலிலும் கடைசி வாங்கில் உட்கார்ந்து, பூசை முடிய முதலே வெளிக்கிட்டுவிடுவேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாசி கடைசியில் றெக்ஷன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கோர்வை விளைமீன். வாசல் படலைக்குள் நின்றபடி சொன்னான்.

"அண்ணை, வாற ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீங்கள்தான் ஞானத்தகப்பனா நிக்கவேணும்."

நான் எழுந்து படலையடிக்குப் போனேன். "தம்பி, அண்டைக்குத் திறப்பு என்ரை கையிலை கிடந்தது. நாலு முழத்திலை கதவு. நான் துறக்கேல்லை. அது உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் அண்ணை. நான் முன்னாலைதானே நிண்டனான்."

"பிறகேன் என்னட்டை வாறாய்? வேறை ஆக்கள் இல்லையே?"

அவன் மீன் கோர்வையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான்.

"நானும் வேண்டாமெண்டுதான் சொன்னனான். ஜெனீற்றாதான் விடுறாளில்லை. திறப்பு இப்பவும் அண்ணையிட்டைத்தானே இருக்கு எண்டுறாள். அண்ணை சட்டத்துக்குப் பயந்த மனிசன், பிறத்தியாருக்குத் துறக்கமாட்டார், சொந்தக்காரர் எண்டால் துறப்பார் எண்டுறாள். ஞானத்தகப்பன் எண்டால் சொந்தம்தானே? அடுத்த பிள்ளைக்கு உதவும்."

அவன் குத்திக் காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. முகத்தில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. மனிசி சொல்லிவிட்டதைச் சொன்னான், பதிலுக்கு நின்றான். நான் மீனை வாங்கிக்கொண்டு ஓம் என்றேன். ஜெனீற்றா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. சொந்தக்காரி என்றால் நான் அன்றைக்குத் திறந்திருப்பேன்.